கொழும்பில் இருந்துகொண்டு மண்பாதையில் ஓடப் பழகலாமா?

வெள்ளவத்தையான் | ஜனவரி 9

வணக்கம். எனக்கு 34 வயது, கோட்டையில் கணக்கு வேலை. 2022இல் பெட்ரோல் வரிசை நீண்டு கிடந்த நாட்களில் வெள்ளவத்தையிலிருந்து வேலைக்கு நடக்கத் தொடங்கினேன். அந்த நடை மெல்ல மெல்ல ஓட்டமாகிவிட்டது. இப்போது கடலோர மெரின் டிரைவில் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் 5 கிலோமீற்றர் ஓடுகிறேன்.

போன மாதம் நண்பர்களோடு கண்டிப் பக்கம் ஹந்தானை மலைக்குப் போனேன். ஏறும்போது மூச்சு வாங்கினாலும் சமாளித்தேன். இறக்கம்தான் என்னை உடைத்தது. மானாப்புல்லுக்கு நடுவே ஓர் அடி அகலப் பாதை. முதல் நாள் இரவு பெய்த மழையில் சிவப்பு மண் சவர்க்காரம் மாதிரி வழுக்கியது. பாதி தூரத்தில் தொடை இரண்டும் நடுங்கத் தொடங்கி, கடைசித் துண்டை உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். அப்போது இரண்டு பெடியன்கள் எங்களைக் கடந்து ஓடியே இறங்கிப் போனார்கள். கல்லுக்குக் கல், ஒரு சத்தமும் இல்லை. நான் அப்படியே பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு மூன்று நாள் அலுவலகப் படியில் பக்கவாட்டாகத்தான் இறங்க முடிந்தது.

அந்தப் பெடியன்கள் மாதிரி இறங்க வேண்டும். அதுதான் ஆசை. ஆனால் கொழும்பு தட்டையான ஊர், எங்கு பார்த்தாலும் சீமெந்தும் தாரும். ஒவ்வொரு வாரமும் கண்டிக்குப் போக நேரமும் இல்லை, காசும் இல்லை. இங்கே இருந்துகொண்டே பழக முடியுமா? என்ன சப்பாத்து வாங்க வேண்டும்? எங்கே ஓடுவது?


தார்வீதி | ஜனவரி 9

முடியும். முதலில் மண்பாதைச் சப்பாத்து ஒன்று வாங்குங்கள். அடியில் 4, 5 மில்லிமீற்றர் பல் இருக்க வேண்டும். வீதிச் சப்பாத்தின் அடி வழவழப்பானது, ஈர மண்ணில் பிடிக்காது. நான் வீதிச் சப்பாத்தோடு ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய் விழுந்து, மணிக்கட்டு வெடித்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.


மலைநாட்டுக்கால் | ஜனவரி 10

தம்பி, நான் பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவன். 14 வருடமாகப் புறக்கோட்டையில் வேலை. இறக்கத்தைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

உங்கள் காலில் பலம் இல்லாமல் நீங்கள் உட்காரவில்லை. பயத்தில் காலை முன்னுக்கு நீட்டி, குதிக்காலைக் குத்தி, ஒவ்வோர் அடியிலும் பிரேக் போட்டிருப்பீர்கள். அப்படிச் செய்யும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டி வருகிறது. ஏற்றத்தில் அந்தத் தசை சுருங்கி வேலை செய்யும், களைக்கும், பிறகு சரியாகிவிடும். நீண்டபடி வேலை செய்தால் உள்ளே நுணுக்கமாகக் கிழிபடும். உங்களுக்கு அந்த மூன்று நாள் நோ வந்ததும் அதனால்தான்.

எங்கள் அம்மா 30 வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். நிறுவைக்கு இறங்கி வரும்போது முதுகில் கொழுந்துச் சுமை, பாதை முழுக்க மழைத் தண்ணீர் அறுத்த கல். அவர் இறங்குவதைப் பின்னால் இருந்து பார்த்தே நான் வளர்ந்தேன். அடி மிகச் சின்னது. முழங்கால் ஒருபோதும் முழுதாக நிமிராது. பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும், முன்னால் போகாது. கண் காலடியில் இருக்காது, நாலைந்து அடி தள்ளி இருக்கும். கை இரண்டும் கொஞ்சம் அகல நிற்கும். நீங்கள் பார்த்த பெடியன்களும் இதைத்தான் செய்திருப்பார்கள், வேகமாக.

இதைப் பழக மலை தேவையில்லை. நீங்கள் இருக்கும் அடுக்குமாடி எத்தனை மாடி?


வெள்ளவத்தையான் | ஜனவரி 10

ஒன்பது மாடி, அண்ணா. நான் நான்காம் மாடி.


மலைநாட்டுக்கால் | ஜனவரி 10

ஒன்பது மாடி போதும். லிப்டில் மேலே போங்கள், படியால் கீழே இறங்குங்கள். எல்லோரும் ஏறித்தான் பழகுகிறார்கள், உங்களுக்கு வேண்டியது இறக்கம். முதல் வாரம் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். நோகும், ஆனால் ஹந்தானையில் நொந்த அளவுக்கு நோகாது. தசை ஒரு தடவை இறக்கத்தைப் பட்டால் அடுத்த தடவைக்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும், அந்தப் பாதுகாப்பு சில வாரம் நிற்கும். ஒரு மாதம் போனால் ஒரே நாளில் ஐந்தாறு தடவை இறங்கலாம்.

சத்தத்தைக் கேளுங்கள். தட் தட் என்று கேட்டால் குத்துகிறீர்கள். கீழ் மாடிக்காரர் கதவைத் திறந்து பார்க்காத அளவுக்கு இறங்க வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், காலையில் இடது, இரவில் வலது. இரண்டு வாரத்துக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு. மண்பாதையில் முதலில் போவது கணுக்கால்தான்.

சப்பாத்தைப் பற்றி: எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் வெறுங்காலோடும் செருப்போடும் இதைவிட மோசமான பாதையில் பள்ளிக்கூடம் ஓடினவர்கள். முதல் மூன்று மாதம் இருக்கிற சப்பாத்தே போதும் என்பது என் எண்ணம்.


இரவு_வார்டு | ஜனவரி 10

மலைநாட்டு அண்ணா சொன்ன இறக்கப் பயிற்சி முழுக்கச் சரி. வெறுங்கால் கதையை மட்டும் ஏற்க மாட்டேன். நான் தாதி. மழை தொடங்கினால் எங்கள் வார்டுக்கு எலிக்காய்ச்சல் நோயாளர்கள் வரத் தொடங்குவார்கள். எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீரில் அந்தக் கிருமி இருக்கும். காலில் ஒரு சின்னக் கீறல் போதும், உள்ளே வந்துவிடும். கடும் காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்க முடியாத நோ, கண் சிவப்பு. பிந்தி வருகிறவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுவிடும்.

கொழும்பைச் சுற்றி மண்பாதை என்றால் பாதி வயல் ஓரமும் கால்வாய் ஓரமும்தான். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்தவுடன் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஓடிவிட்டு வந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "நான் வயல் தண்ணீரில் கால் வைத்தேன்" என்று வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். டெங்கு என்று மட்டும் நினைத்து நாளைக் கடத்தாமல் இருக்க அந்த ஒரு வசனம் உதவும்.


மலைநாட்டுக்கால் | ஜனவரி 10

நீங்கள் சொல்வது சரி, தங்கச்சி. எங்கள் பக்கம் பாதை மேட்டில், தண்ணீர் ஓடிவிடும். இங்கே தேங்கி நிற்கிறது. அதை நான் யோசிக்கவில்லை. தம்பி, சப்பாத்து இல்லாமல் போக வேண்டாம். ஆனால் விலை கூடியதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.


வாவிக்கரை | ஜனவரி 11

எங்கே ஓடுவது என்பதற்கு நான் பதில் சொல்கிறேன். பத்தரமுல்லையில் இருக்கிறேன். பறவை பார்க்கத் தொடங்கிப் பிறகு ஓட்டத்துக்கு வந்தவள்.

கொழும்பில் மண்ணே இல்லை என்று நினைக்காதீர்கள். ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற முதல் தலைநகரம் இது. தியவன்னா, பெத்தகான, தலங்கம, பெல்லன்வில-அத்திடிய என்று நகரத்தின் கிழக்கும் தெற்கும் முழுக்கத் தண்ணீரும் புல்லும்தான். மீன்பிடிப் பூனை இன்னமும் நடமாடுகிற தலைநகரம் உலகத்தில் வேறு எத்தனை இருக்கும்!

எனக்கு மிகவும் பிடித்தது தலங்கம வாவி. 177 பஸ்ஸில் கொஸ்வத்தைச் சந்தியில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். அணைக்கட்டில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் வயல். விடிய 6 மணிக்குப் போனால் தண்ணீருக்கு மேல் மெல்லிய புகார், நீலத் தாழைக்கோழி தாமரை இலையில் கால் வைத்து வைத்து நடக்கும். அணையின் மேல் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் வரும், ஓரமாகவே ஓடுங்கள். சுற்றியுள்ள உள்வீதிகளில் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் உண்டு, கொழும்பில் அது அபூர்வம். வயல் வரம்பில் ஓட ஆசை வரும். வரம்பு இன்னொருவரின் உழைப்பு. மழைக்குப் பிறகு ஓடினால் இடிந்துவிடும். காய்ந்த நாளில், அங்கே நிற்கிறவரிடம் கேட்டுவிட்டு நடந்து பாருங்கள். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியின் பலன் அங்கே தெரியும்.

பொரலஸ்கமுவையில் வெரஸ் கங்கைக் கரையோர நடைபாதை உங்களுக்கு இன்னும் கிட்ட. நடைபாதையை விட்டுப் புல்லில் ஓடலாம்.

பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு ஓட்டத்துக்குப் போகாதீர்கள். மரப்பலகைப் பாதை அதிரும். பறவைக்காக அரை மணி நேரமாக அசையாமல் நிற்கும் ஒருவருக்குப் பக்கத்தில் நீங்கள் தடதடவென்று போனால், அன்றைய காலை அவருக்கும் இல்லை, பறவைக்கும் இல்லை. அங்கே நடக்கலாம், நிற்கலாம்.


தார்வீதி | ஜனவரி 11

வெள்ளவத்தைக்காரருக்குக் கடற்கரையே போதுமே? வீட்டிலிருந்து இரண்டு நிமிடம். மணல் மெத்தென்று இருக்கும், முழங்காலுக்கும் நல்லது.


மலைநாட்டுக்கால் | ஜனவரி 11

மெத்தென்று இருப்பதால் காலுக்கு நல்லது என்று சொல்லிவிட முடியாது. காய்ந்த மணலில் குதிக்கால் புதைந்து போகும், கெண்டைக்காலும் குதிநரம்பும் இழுபடும். ஈர மணல் இறுக்கமானது, ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். தெகிவளைப் பக்கமாக ஓடினால் வலது கால் எப்போதும் தாழ்வில். அரை வழியில் திரும்பி வந்தால் இரண்டு காலும் ஈடாகும். வாரத்துக்கு ஒரு தடவை, 20 நிமிடம், அவ்வளவு போதும்.


வெள்ளவத்தையான் | ஜனவரி 12

கடற்கரைக்கு இறங்க ரயில் பாதையைக் கடக்க வேண்டும். பலர் தண்டவாளத்தின் ஓரமாகவே தெகிவளை வரை நடக்கிறார்கள். அதில் ஓடலாமா?


இரவு_வார்டு | ஜனவரி 12

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது என்பதுதான் பெரிய காரணம். கடவை உள்ள இடத்தில் மட்டும் கடந்து போங்கள், காதில் பாட்டுக் கருவி இல்லாமல். அந்தப் பாதையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.


கொட்டாஞ்சேனைக்காரி | ஜனவரி 14

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் விடிய 6 மணி, ஒதுக்குப்புறமான வாவி என்று எழுதுகிறீர்கள். பெண் பிள்ளைக்கு அந்த இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் இங்கே எழுதி வைக்க வேண்டும்.

போன வருடம் ஒரு வாவிக்கரையில் தனியே ஓடினேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் மூன்று தடவை என்னைக் கடந்தான். மூன்றாவது தடவை வேகத்தைக் குறைத்து என் பக்கத்திலேயே வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஓட்டத்தை நிறுத்தாமல் ஒரு பெட்டிக்கடைக்குள் போய் நின்றுவிட்டேன். கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஒரு பிளேன்டீ தந்தார். பிறகு வெளியே வந்து, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீதியைப் பார்த்தபடி நின்றார். அவன் போய்விட்டான். நான் இரண்டு மாதம் ஓடவில்லை.

இப்போது நாங்கள் மூன்று பேராகப் போகிறோம். புதிய இடம் என்றால் முதல் சுற்றை நடக்கிறோம்: எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது, எங்கே சுவர் உயரம், எங்கே வெளிச்சம் இல்லை, நாய் எந்த வீட்டு வாசலில் படுக்கிறது. இரண்டாவது சுற்றுத்தான் ஓட்டம். தொலைபேசியில் இருக்கும் இடத்தைத் தங்கைக்கு அனுப்பிவிட்டுத்தான் இறங்குவேன். ஊதுகுழல் கழுத்தில். அடையாள அட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில். பாராளுமன்றப் பக்கம் ஓடினால் பாதுகாப்புக்கு நிற்பவர்கள் கேட்கக்கூடும். இல்லாமல் நின்று விளக்கம் சொல்லும் நிலை எனக்கு வேண்டாம்.

தனியாக ஓட வேண்டிய நாளில் காலிமுகத்திடல். 1859இல் திறந்த திடல், இன்றைக்கும் விடியும் முன்னரே நடக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். புல் தேய்ந்த மண்தரைதான், அங்கும் இங்கும் பள்ளம், கணுக்காலுக்கு நல்ல வேலை.


வாவிக்கரை | ஜனவரி 14

நான் எழுதும்போது இதை விட்டுவிட்டேன், மன்னியுங்கள். நானும் தலங்கமவுக்கு ஒருபோதும் தனியே போனதில்லை, என் கணவர் சைக்கிளில் வருவார். எழுதும்போது அது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று யோசிக்கிறேன். மார்ச் போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு உங்கள் மூன்று பேரோடு நானும் சேரலாமா?


கொட்டாஞ்சேனைக்காரி | ஜனவரி 14

கட்டாயம் வாருங்கள், அக்கா. தனிமடல் அனுப்புகிறேன்.


வெள்ளவத்தையான் | பெப்ரவரி 3

மூன்று வாரக் கணக்கு. படி இறக்கம் வாரத்துக்கு இரண்டு நாள், இப்போது மூன்று தடவை இறங்குகிறேன். முதல் நாள் ஆறாம் மாடியில் இருக்கும் மாமி கதவைத் திறந்து "என்ன தம்பி, நெருப்பா?" என்று கேட்டார். இப்போது கேட்பதில்லை.

வெரஸ் கங்கைப் புல்லில் 40 நிமிடம் ஓடப் பார்த்தேன். 25 நிமிடத்திலேயே தலை சுற்றியது. மெரின் டிரைவில் இதே அளவு நேரம் சுலபமாக ஓடுகிறேன். தம்பிலி (செவ்விளநீர்) இரண்டு குடித்தேன், பிறகும் பின்னேரம் வரை தலையிடி. என்ன பிழை?


இரவு_வார்டு | பெப்ரவரி 3

எத்தனை மணிக்குப் போனீர்கள்?


வெள்ளவத்தையான் | பெப்ரவரி 3

ஞாயிறு 8 மணி.


இரவு_வார்டு | பெப்ரவரி 3

அதுதான். மெரின் டிரைவில் கடற்காற்று வியர்வையை உலர்த்தித் தரும். உள்பக்கம் காற்று நின்றுவிடும், காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை வழியுமே தவிர உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது. கொழும்பில் வருடம் முழுவதும் 6 மணியை ஒட்டித்தான் விடிகிறது. 7.30க்கு முன் முடித்துவிடுங்கள்.

தம்பிலி நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம். வியர்வையில் பெரும்பாலும் போவது சோடியம், அதாவது உப்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் தேசிக்காய்த் தண்ணீரில் உப்பும் சீனியும் போட்டுக் கொண்டுபோங்கள், அல்லது ஒரு ஜீவனி உப்புச்சீனிப் பக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் குடித்துத் தள்ளுவதும் ஆபத்து, இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

தூரத்தைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. பக்கத்தில் ஒருவர் இருந்தால் முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும். புதிய சூட்டுக்கு உடம்பு பழக 10 நாளிலிருந்து 14 நாள் வரை எடுக்கும்.


ரப்பர்ப்பால் | பெப்ரவரி 6

நான் ஹோமாகமையில் இருக்கிறேன். உங்களுக்கு அடுத்த படி ரப்பர் தோட்டங்கள்தான். களனிவெளி ரயிலில் நுகேகொடை, மகரகமை, ஹோமாகமை தாண்டிப் பாதுக்கை. தேயிலையும் ரப்பரும் ஏற்றுவதற்காகப் போட்ட குறுகிய தண்டவாளம், 1990களில்தான் அகலமாக்கினார்கள். பாதுக்கை, வகை (Waga) ஆகிய ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் சிவப்பு மண் வண்டிப்பாதைகள் மேடும் பள்ளமுமாகப் போகும். மர நிழல், வாகனம் குறைவு. முதலில் தோட்டத்து அலுவலகத்திலோ காவலாளியிடமோ கேளுங்கள். தனியார் நிலம். பால் வெட்டுகிற நேரத்தில் தெரியாத ஆள் ஓடினால் கள்ளன் என்றுதான் நினைப்பார்கள்.

நான் ஒரு தடவை கேட்காமல் போனேன். தொலைபேசி வரைபடத்தில் பாதை ஒன்று காட்டியது, அதை நம்பி உள்ளே போய் ஒன்றேகால் மணி நேரம் சுற்றினேன். எல்லா வரிசையும் ஒரே மாதிரி: மரம், சாய்வாகக் கீறிய பட்டை, கீழே கம்பியில் கட்டிய சிரட்டை. சிரட்டையில் வெள்ளையாகப் பால் சொட்டும் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஓர் அம்மா வாளியோடு வந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் வழி கேட்கத் திணறினேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தமிழ்ப் பிள்ளையா? இந்தப் பக்கம் வா ராசா" என்றார். வாளியை இறக்கி வைத்துவிட்டு வண்டிப்பாதை வரை நடந்து வந்து காட்டினார். அந்த நேரத்தில் அவருக்கு எத்தனை மரம் பிந்தியிருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன். இப்போது அந்தப் பக்கம் போனால் அவர் வீட்டுக்கு ஒரு பாண் வாங்கிக்கொண்டுதான் போவேன்.


தார்வீதி | பெப்ரவரி 6

அப்படியே வகைக்கு அப்பால் காட்டுக்குள்ளும் போகலாம். இந்திக்கட முகலானை இருக்கிறது. வரைபடப் பாதையை இறக்கிக்கொண்டு விடிய போனால் ஒருவரும் தடுக்க மாட்டார்கள்.


வாவிக்கரை | பெப்ரவரி 6

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தடுக்க ஆள் இல்லை என்பதால் அது அனுமதி ஆகிவிடாது. மேற்கு மாகாணத்தில் மிஞ்சியிருக்கும் தாழ்நில மழைக்காடு துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களைச் சுற்றிய காடு கொழும்பின் குடிநீருக்காகக் காக்கப்படுவது. ஒதுக்குக்காட்டுக்குள் போவதென்றால் பத்தரமுல்லையில் இருக்கும் வன பரிபாலனத் திணைக்களத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். இல்லையென்றால் தோட்டப் பாதை, கிராமத்துப் பாதை, அவை போதும்.


தார்வீதி | பெப்ரவரி 7

சரி, அக்கா. இரண்டு தடவை போயிருக்கிறேன். ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும்.


இரவு_வார்டு | பெப்ரவரி 7

இன்னொரு காரணமும் சொல்கிறேன். ஜனவரி, பெப்ரவரியில் ரப்பர் இலை உதிரும். காய்ந்த இலைக்கு அடியில் குணகட்டுவா என்ற விஷப்பாம்பு சுருண்டு கிடக்கும். இலையின் நிறம்தான் அதற்கும், கண்ணுக்குத் தெரியாது. இலங்கையில் நாம் பாவிக்கிற விஷமுறிவு மருந்து அந்தப் பாம்புக்கு வேலை செய்யாது. பெரும்பாலும் வீக்கத்தோடு போகும், சிலருக்குச் சிறுநீரகம் வரை போகும். இலைக் குவியலில் கால் வைக்காமல் வண்டித் தடத்தில் ஓடுங்கள். கடித்தால் ஓடாதீர்கள், கட்டாதீர்கள், வெட்டாதீர்கள். காலை அசைக்காமல் வைத்து 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். எந்த மைல்கல்லுக்கு, எந்தக் கோயிலுக்குப் பக்கம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டாக்காலி நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். குனிந்து கல் எடுப்பது போலக் காட்டினாலே பெரும்பாலும் நின்றுவிடும். கடித்தால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள்.


கொட்டாஞ்சேனைக்காரி | மார்ச் 16

வாவிக்கரை அக்காவோடு தலங்கம போய் வந்தோம். நாலு பெண்கள். முதல் சுற்று நடை, இரண்டாவது ஓட்டம். அக்கா நடுவில் நின்று ஒரு மரத்தைக் காட்டினார். நாங்கள் ஓடிக் கடந்த அதே மரத்தில் கறுப்பு முகக் குரங்குக் குடும்பம் ஒன்று இருந்தது, குட்டியோடு. ஓடும்போது ஒருவருக்கும் தெரியவில்லை.


வெள்ளவத்தையான் | ஏப்ரல் 2

ரப்பர்ப்பால் அண்ணாவோடு மூன்று ஞாயிறு பாதுக்கை போய்விட்டேன். காவலாளியிடம் கேட்டோம், சிரித்துக்கொண்டே விட்டார். 70 நிமிடம், அதில் பாதி நடை. ஏற்றத்தில் எல்லோரும் நடக்கிறார்கள் என்பதே எனக்குப் புதிது. மண்பாதைச் சப்பாத்தும் வாங்கிவிட்டேன், பாவித்தது, பாதி விலை.

சிவனொளிபாத மலை பருவம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. ஹட்டன் பக்கத்தால் 5,000க்கு மேல் படி. இறக்கப் பயிற்சிக்கு ஓடி இறங்கினால் என்ன?


மலைநாட்டுக்கால் | ஏப்ரல் 2

போங்கள், தம்பி. ஆனால் ஓடாதீர்கள். பருவத்தில் அந்தப் படியில் எண்பது வயது ஆச்சி கைத்தடியோடு வருவார், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வருவார். விடிய விடிய ஏறிக் களைத்த கால்கள். நீங்கள் ஒருவரை இடித்தால் அவர் விழுவது கல்லில். நடந்து இறங்குங்கள், சின்ன அடி, மடங்கிய முழங்கால். நடந்தாலும் தசை படிக்க வேண்டியதைப் படிக்கும்.

ஓட வேண்டும் என்றால் பீக்கோ பாதை இருக்கிறது. ஹந்தானையில் தொடங்கி மலைநாட்டைச் சுற்றி 22 கட்டம், 300 கிலோமீற்றருக்கு மேல். அதில் நிறையத் துண்டுகள் எங்கள் சனம் வேலைக்குப் போன தோட்டப் பாதைகள். லயத்து வாசலால் போகும்போது வேகத்தைக் குறைத்து ஒரு வணக்கம் சொல்லுங்கள், அது போதும். ஒரு நாளும் வழி தவறவிட மாட்டார்கள்.

ஏப்ரலில் மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னல். எங்கே போனாலும் பகல் 12க்கு முன் மேட்டிலிருந்து இறங்கிவிடுங்கள்.


வெள்ளவத்தையான் | மே 18

நேற்று ஹந்தானை. அதே பாதை, அதே மானாப்புல். இந்த முறையும் முதல் நாள் மழை பெய்திருந்தது. அட்டை கடிக்காமல் இருக்கக் காலுறையை உயர இழுத்து, கணுக்காலைச் சுற்றிச் சவர்க்காரம் பூசியிருந்தேன். இரண்டு மட்டும் ஏறின.

இறக்கத்தின் தொடக்கத்தில் நின்று, அன்றைக்கு உட்கார்ந்த இடத்தைக் கண்ணால் தேடினேன். பிறகு நாலைந்து அடி தள்ளிப் பார்வையை வைத்துக்கொண்டு இறங்கினேன். அந்தப் பெடியன்களின் வேகம் இல்லை, பாதிகூட இல்லை. ஆனால் ஓட்டம்தான். வழுக்கும் ஒரு வளைவில் கை இரண்டும் தானாக விரிந்தன, கால் தானாகச் சின்ன அடி வைத்தது. கீழே வந்து பார்த்தால் தொடை நடுங்கவில்லை. பின்னால் வந்த நண்பன், "நீ இறங்கின சத்தமே கேட்கவில்லையடா" என்றான்.

அண்ணா, அதை உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.


மலைநாட்டுக்கால் | மே 18

இரண்டு தடவை வாசித்தேன், தம்பி. அம்மாவிடமும் போனில் வாசித்துக் காட்டினேன். இன்றைக்குப் படியால் இறங்கினீர்களா?


வெள்ளவத்தையான் | மே 18

நேராக இறங்கினேன், அண்ணா. ஆனால் இரண்டு கால் பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன.


மலைநாட்டுக்கால் | மே 18

இறங்க முன் லேஸை அவிழ்த்து, கணுக்கால் பக்கம் இறுக்கித் திரும்பக் கட்ட வேண்டும். இல்லையென்றால் பாதம் முன்னுக்கு வழுக்கி நகம் முட்டும். போவதற்கு இரண்டு நாள் முன்பே நகத்தையும் ஒட்ட வெட்டிவிடுங்கள். அம்மா கேட்கிறார், சப்பாத்து அளவு சின்னதோ என்று. கால்விரலுக்கு முன்னால் ஒரு கைப்பெருவிரல் அகலம் இடம் இருக்கிறதா, பாருங்கள்.